எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பை

முட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஹோசியா கேடிஸ் தன் மனைவியைப் பார்த்தான். அது இருந்த பை, உள்ளூரான மெரிட்டனின் கடைப் பை. பெட்டியின் மேல் இருந்த விலைச்சீட்டோ பக்கத்துக் கவுண்டியில், அதாவது அடுத்த மாவட்டத்தில், உள்ள கடையினுடையது.

"வெர்லீன், இது என்ன?"

"முட்டை."

"அது எனக்கும் தெரியுது. எங்க வாங்குன?"

வெர்லீன் கோழித் துண்டுகளை மாவில் புரட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "தெரிஞ்சுகிட்டுத்தானே கேக்குற."

பைன் தெருவில் இது புதிதல்ல. கவுண்டி எல்லையைத் தாண்டினால் விற்பனை வரி குறைவு. சனிக்கிழமைகளில் பெண்கள் காரில் போய் வாங்கி வருவார்கள். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, எல்லாவற்றையும் உள்ளூர்க் கடைப் பைகளுக்கு மாற்றிக்கொள்வார்கள். அதற்கென்றே பழைய பைகளை மடித்து டிக்கியில் வைத்திருப்பார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் ஹோசியா தேவாலயத்தில் போதகருக்கு உதவும் டீக்கன். டாலருக்கு ஒரு சென்ட் வரி கூட்ட வாக்கெடுப்பு வந்தபோது ஆதரவு கேட்டு வீடு வீடாகப் படியேறியவன் அவன்தான்.

"ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னேன். உள்ளூர்ல வாங்குங்க, அந்தக் காசுலதான் நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கூரை வரும்னு. என் வீட்டுலயே இப்படின்னா?"

"உன் வீட்டுலதான் மாசக் கடைசியில எல்லாம் தீர்ந்துபோகுது, டீக்கன்."

"ஜனே வகுப்புல வாளி வச்சிருக்காங்க. மழைன்னா சொட்டுது."

"அந்த வாளியே நான் குடுத்ததுதான்."

ஜனே அவர்களுடைய ஒரே மகள். பைன் தெருப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. தெருக்கோடியில், நடந்து போகும் தூரத்தில் இருந்தது பள்ளி. கறுப்பர்கள் வாழும் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

நகரசபைக்காரர்கள் தேவாலயத்துக்கே வந்து படம் காட்டியிருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரம் கடை வளாகம் வரும், கடை வந்தால் வரி வரும், வரி வந்தால் பள்ளி நிமிரும், ஊர் வளரும். ஹோசியா அதை நம்பினான். நம்பியதைத்தான் சொன்னான். பைன் தெருவின் வாக்குகளால்தான் வரி ஜெயித்தது என்று மேயரே கைகுலுக்கிச் சொன்னார். வளாகம் திறந்த அன்று, கை நீளக் கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டியபோது, வாசித்தது பைன் தெருப் பள்ளியின் வாத்தியக் குழு. ஜனே டிரம்பெட் ஊதினாள்.

மறு வசந்தத்தில் பள்ளி வாரியம் கூடியது. பைன் தெருப் பள்ளியின் கூரை ஆபத்தான நிலையில் இருப்பதால் கோடையோடு பள்ளி மூடப்படும் என்றார்கள். புதிய பள்ளி ஊருக்கு வடக்கே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, ஆகஸ்டில் திறக்கும். வளர்ச்சி அங்கேதான் இருக்கிறதாம்.

ஹோசியாவுக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.

"கூட்டுன வரி எங்க போகுது?"

"புதுப் பள்ளிக்கு, டீக்கன்," என்றாள் வாரியத் தலைவி.

"வளாகக் கடைங்கள்ல பழைய வரியும் வசூலாகுதே, அதுல ஒரு கூரை போட முடியாதா?"

"அது இருபது வருஷத்துக்கு வளாகம் கட்டினவருக்கே திரும்பிப் போகும். சாலை போட்டார், விளக்குப் போட்டார், இல்லையா?"

"இது எப்ப முடிவாச்சு?"

"வாக்கெடுப்புக்கு முன்னாடியே. ரகசியம் ஒண்ணுமில்லையே. நீங்க கேக்கல." அவள் இதமாகத்தான் சொன்னாள். "உங்க உழைப்ப இந்த ஊர் மறக்காது."

மூன்று நிமிடம் முடிந்ததாக மணி அடித்தது. சிலர் கைதட்டினார்கள்.

ஆகஸ்டில் இருந்து ஜனே விடியுமுன் பஸ்ஸுக்கு நின்றாள். புதுப் பள்ளியின் வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி மாலையில். பஸ் அதற்குக் காத்திருக்காது. டிரம்பெட் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஆர்டிஸ், ஹோசியாவைப் பார்க்கும்போதெல்லாம் குரல் கொடுப்பான். "டீக்கன், கூரை வந்திருச்சா? குடை வாங்கலாமா வேணாமான்னு யோசனையில இருக்கேன்."

ஹோசியா நடையை எட்டிப் போடுவான். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கார்ச் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

"பால் இல்ல. வா, போகலாம்."

"வளாகத்துக்கா?"

"இல்ல. அந்தப் பக்கம்."

எல்லைக்கு அப்பாலிருந்த கடையில், பணம் கட்டும் இடத்துக்கு மேலே புதிதாக ஒரு பதாகை தொங்கியது. சிரிக்கும் குழந்தைகள். கீழே: உங்கள் ஒரு சென்ட், நம் பிள்ளைகளின் நாளை. ஹோசியா வீடு வீடாகக் கொடுத்த துண்டுத்தாளிலும் இதே வரிதான் இருந்தது.

"இங்கயும் கூட்டிட்டாங்களா?"

"போன மாசத்துலேருந்து, சார்," என்றாள் கல்லாவில் இருந்த கறுப்பினப் பெண். "புதுசா கட்டுற பள்ளிக்கூடத்துக்காம்."

"உங்க பிள்ளைங்க அங்கதான் படிக்குதுங்களா?"

"அது ஏரிக்கரை வீட்டுக்காரங்களுக்கு. எங்க பக்கத்துப் பள்ளிய மூடப்போறாங்க." அவள் பாலைப் பையில் வைத்தாள். "ரெட்டைப் பையா போடவா, சார்?"

திரும்பும் வழியில், பெட்ரோல் பங்க் வந்ததும் வெர்லீன் பழக்கத்தில் வண்டியை மெதுவாக்கினாள்.

"நிறுத்தாத."

"தெருவே பாக்கும், ஹோசியா."

"பாக்கட்டும்."

வீட்டின் முன் இறங்கி, கடைப் பெயர் வெளியே தெரியும்படி பையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தன் கடை வாசலில் நின்ற ஆர்டிஸ் வாயைத் திறந்தான். பையைப் படித்தான். கேலி வரவில்லை.

"அங்க விலை எப்படி, டீக்கன்?"

"இங்க மாதிரியேதான்," என்றான் ஹோசியா. பையைத் திருப்பிப் பிடிக்கவில்லை.