அவருக்காக நீட்டிய கை

மாடியில் இரண்டே அறைகள். உள்ளறையில் நீளமான கட்டில். வெளியறையில் மேசை, தொலைபேசி, ஆறு நாற்காலிகள். அந்த மேசைக்குப் பின்னால் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ரிசப்ஷன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நாற்பத்தெட்டு வயது. "வாங்க, உக்காருங்க, தண்ணி வேணுமா, மேடம் இதோ கூப்பிடுவாங்க" என்று நாள் முழுக்க வாய் ஓயாது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அம்மா இருந்தவரை அவளைப் பார்த்துக்கொள்வதிலேயே வருடங்கள் ஓடின. அம்மா போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

மேடம் செய்வது கினீசியாலஜி. வருகிறவர் கையை நேராக நீட்ட வேண்டும். மேடம் ஒரு சொல்லைச் சொல்லி, மணிக்கட்டுப் பக்கம் இரண்டு விரலால் மெல்ல அழுத்துவார். கை நின்றால் சரி; தளர்ந்து இறங்கினால் அந்தச் சொல்லில் மனசுக்கு ஏதோ பாரம் என்பது அவர் நம்பிக்கை. பிறகு நெற்றியில் விரல் நுனிகளை வைத்து, ஆற அமர மூச்சு விடச் சொல்வார். அழுதுகொண்டே வந்தவர்கள் முகம் தெளிந்து போவதை அக்கா பார்த்திருக்கிறாள். அது அந்த விரல்களாலா, இல்லை ஒரு மணி நேரம் ஒருத்தர் காதுகொடுத்துக் கேட்டதாலா என்று அவளுக்குத் தெரியாது. "டாக்டர் குடுத்த மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்று மேடம் எல்லோரிடமும் தவறாமல் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரை மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கவாதம் வந்து நாலு மாதம். பேச்சு போய்விட்டது. வலது கை அசையாது. இடது கை நீட்டினால் நடுங்கியது.

"டாக்டர் உடம்புல புதுசா ஒண்ணுமில்லன்னுட்டார். ஆனா ரெண்டு வாரமா சரியாவே சாப்பிட மாட்டேங்கறார். ஊட்டினா முகத்தத் திருப்பிக்கறார்" என்றாள் மகள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். கடைச் சீருடையோடே வந்திருந்தாள்.

கையை நீட்ட முடியாதவர் வந்தால், இன்னொருவர் அவரைத் தொட்டுக்கொண்டு தன் கையை நீட்டுவது அந்த முறையில் வழக்கம். அப்படி நிற்பது எப்போதும் அக்காதான். முதலில் அவளைத் தனியாகச் சோதித்து, அவள் பாரம் இதில் கலக்காது என்று பார்த்துவிட்டுத்தான் மேடம் தொடங்குவார். அன்றைக்கு டிரைவர் களைத்துத் தலை சாய்ந்திருந்ததால், நேராக ஆரம்பித்துவிட்டார்.

அக்கா டிரைவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான, சூடான கை. இன்னொருவர் கையை இப்படிப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைப்பு ஓடியது.

"பயம்" என்றார் மேடம். கை நின்றது. "கோபம்." நின்றது. "வலி." அதுவும் நின்றது.

"எனக்குன்னு யாருமில்ல" என்றார் அடுத்ததாக.

பொத்தென்று விழுந்தது கை. மேடம் திரும்பச் சொல்லிப் பார்த்தார். திரும்பவும் விழுந்தது.

மகள் உடைந்துபோனாள். "காலைல போனா இருட்டினப்புறம்தான் வரேன். பாத்துக்கற ஆளு வேளைக்குச் சோறு வெக்கறார், அது போதும்னு இருந்துட்டேனே அப்பா!" டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவர் நெற்றியில் விரல் வைத்து வெகுநேரம் நின்றார். அக்கா வெளியே வந்து, தொலைபேசி அடிப்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அறையைப் பூட்டும்போதுதான் சொன்னாள். "மேடம், கை விழுந்தது அவருக்காக இல்ல. என் மனசுல இருக்கறதுக்குத்தான் விழுந்துச்சு."

மேடம் சாவியோடு நின்றுவிட்டார். "முதல்ல உங்களப் பாத்துட்டு ஆரம்பிச்சிருக்கணும். தப்பு என்னோடது. அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிடறேன்."

"வேணாம் மேடம். நானே சொல்றேன்."

சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தரம் எண்ணை அழுத்திவிட்டு வைத்தாள். மூன்றாம் நாள் மகளே கூப்பிட்டாள். "அக்கா, அப்பா சாப்பிடறார்! ஞாயித்துக்கிழமை எல்லாரும் வராங்க. நீங்களும் கண்டிப்பா வரணும்."

போனாள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. டிரைவரின் தம்பி குடும்பம், பேரப்பிள்ளைகள், கூட வேலை பார்த்த கிழட்டுக் கண்டக்டர் வேறு. "இவன் பிரேக் போட்டா பின் சீட்டுக்காரன் முன் சீட்டுக்கு வந்துடுவான். நான் முன்னாடியே நின்னு டிக்கெட் கிழிச்சிடுவேன்" என்று அவர் சொல்ல, டிரைவரின் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. அக்காவுக்கு யாரோ தேநீர் கொடுத்தார்கள். "நீங்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "இல்லங்க, தெரிஞ்சவங்க" என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

தெருமுனைவரை கூட வந்த மகளிடம் அங்கேதான் கொட்டிவிட்டாள். "உங்கப்பாவப் பத்தி அன்னிக்கு வந்தது தப்பும்மா. அது என்னோடது. என்ன மன்னிச்சிடுங்க."

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான்" என்றாள் மகள். "கை விழுந்தப்ப அப்பா அப்படியேதான் இருந்தார். உங்க கண்ணுலதான் தண்ணி வந்துச்சு."

"அப்புறம் ஏன் இவ்வளவு பேரக் கூப்பிட்டீங்க?"

"உங்க முகத்தப் பாத்ததுக்கப்புறம் அப்பா முகத்தப் பாக்காம இருக்க முடியலக்கா." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு யாரு இருக்காங்க?"

"தங்கச்சி ஒருத்தி இருக்கா. தூரத்துல" என்றாள் அக்கா. பஸ் வந்துவிட்டது.

தங்கையோடு சண்டை ஒன்றும் கிடையாது. அம்மா இருந்தபோது அம்மாவுக்காகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அது மாதத்துக்கு ஒரு தரமாகி, விசேஷத்துக்கு ஒரு தரமாகி, தேய்ந்தே போயிற்று. வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் கூப்பிட்டாள்.

"என்னக்கா? யாருக்காவது உடம்பு முடியலையா?" தங்கையின் குரல் பதறியது.

"இல்லடி. சும்மாதான்."

"சும்மாவா? அடுப்புல வெச்சிருக்கேன்க்கா. அப்புறமா கூப்பிடறேன்."

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. புதன்கிழமை மத்தியானம், வெளியறையில் நாலு பேர் காத்திருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, அன்னிக்கு என்னவோ சொல்ல வந்தியே. என்ன?"

காத்திருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். அக்கா அவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"அம்மா போனதுக்கப்புறம் இங்க எனக்குன்னு யாருமே இல்லடி" என்றாள்.