இரண்டு கட்டை கீழே

1

இந்தக் கதை எனக்குக் கனகம்மாசத்திரம் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. திருப்பதி வண்டிக்காக நின்றிருந்தேன். ஞாயிறு மதியம். சாலைக்கு அந்தப் பக்கமிருந்த உணவகத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பாட்டு தெரிந்த பாட்டுதான், பழைய அமெரிக்க டிஸ்கோ. ஆடுவதற்கென்றே செய்தது. ஆனால் அன்று அது ஆடவில்லை. பாதி வேகத்தில், கரகரக்கும் ராக் கிதார் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு, தூக்கத்தில் நடப்பவரைப்போல வெயிலுக்குள் வந்தது. என் வண்டி வந்தது, போனது. நான் சாலையைக் கடந்து போய்ப் பார்க்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டுவது.

2

முதல் தொடக்கம்: "காஞ்சனா பிறக்கும்போதே பாடிக்கொண்டுதான்…"

(வேண்டாம். யாரும் அப்படிப் பிறப்பதில்லை.)

இரண்டாவது: "திருத்தணி மலையைப் பனி மூடியிருந்த ஒரு தை மாதக் காலையில்…"

(பனி இருக்கட்டும்.)

திருத்தணி மலையைப் பனி மூடியிருந்த ஒரு தை மாதக் காலையில், துளசிங்கம் தன் வீட்டு மாடியில் தகரக்கூரை போட்ட அறையில் உட்கார்ந்து, கிதாரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தான். கீழே சமையலறையில் அவன் மனைவி காஞ்சனா இருந்தாள். மாமன் மகள், சின்ன வயதிலிருந்தே அவனை அத்தான் முறையில் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். அவன் மணவூர்ப் பக்கம் கரும்பு வைத்திருந்தான். மற்ற நேரமெல்லாம் மூன்று பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழு. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் உருக்கமான பழைய சோல் பாட்டுகளையும் டிஸ்கோ பாட்டுகளையும் எடுத்து ராக்காக மாற்றுவது அவர்கள் பைத்தியம். வயலின் கூட்டம் வாசித்ததைக் கிதார் உறுமும். ஊதுகுழல்கள் வெட்டி வெட்டி ஊதிய இடத்தில் அவன் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி அடிப்பான். அதற்கெல்லாம் மேலே காஞ்சனாவின் குரல், பட்டம்போல.

அந்தக் குரலுக்குத்தான் ஆவணியில் கத்தி பட்டது. தைராய்டு. "குரல் இருக்கும், உயரம் எப்படின்னு சொல்ல முடியாது" என்று மருத்துவர் அவனிடம் தனியாகச் சொன்னார். அவன் காஞ்சனாவிடம் பாதியைத்தான் சொன்னான். குரல் இருக்கும் என்கிற பாதியை.

3

அந்தத் தை மாதத்தில் அவள் மாடியறையில் மறுபடி பாட உட்கார்ந்தபோது, எல்லாப் பாட்டும் இரண்டு கட்டை கீழே இறங்கியிருந்தது.

"இன்னா பாவா, கிணத்துல இறங்கற மாதிரி கீது?"

"ராக்குன்னா கீழதான் வாசிக்கணும். அப்பதான் கனம்."

"ஆங், நல்லாதான் கீது" என்று சிரித்துவிட்டுப் பாடினாள். குரல் அடர்ந்து, ஈரமண்மாதிரி வந்தது. துளசிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லித்தான் செய்தான். ஆனால் பாட்டு பொய்யாக இல்லை. டிஸ்கோவில் ஊருக்கே கொண்டாட்டமாக இருந்த வரி, வேகம் குறைந்ததும் ஒருத்தியின் தனிப்பேச்சாக மாறியிருந்தது.

(இங்கே பிரபாவதியைக் கொண்டுவர வேண்டும். டிரம்ஸ் வாசிக்கிறவள், ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓடும் வீட்டுப் பெண். தறியின் சத்தத்திலிருந்து தாளத்தைக் கற்றாள் என்று முதலில் எழுதினேன். "போங்க சார், அந்தச் சத்தத்துல தலைவலிதான் வரும். போன்ல வீடியோ பார்த்துதான் கத்துகினேன்" என்று அவளே அடித்துவிட்டாள்.)

4

ஒரு சாயங்காலம் துளசிங்கம் வயலிலிருந்து வந்து படியேறும்போது சமையலறையில் பாட்டு கேட்டது. போனில் மூலப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சனா கூடவே பாடிக்கொண்டிருந்தாள். பல்லவி உயரும் இடத்தில் அந்த அமெரிக்கக்காரி மேலே போனாள். காஞ்சனாவிடமிருந்து காற்று மட்டும் வந்தது. பாட்டைப் பின்னால் நகர்த்தினாள், அதே வரி. மறுபடி காற்று. இன்னொரு முறை. அவன் படியிலேயே நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

அவள் வெளியே வந்தாள்.

"ரெண்டு கட்டை இறக்கினது ராக்குக்கா, எனக்கா?"

"ராக்குக்கு அப்படித்தான்…"

"பாவா."

"ஆபரேஷனுக்கு அப்புறம் உன்னால…"

"சொல்லு. என்னால இன்னா?"

(துளசிங்கமும் என்னைப்போலத்தான். வாக்கியங்களைப் பாதியில் விடுகிறான். எனக்கு அது பாணி. அவனுக்குப் பயம்.)

"பிரபாக்குத் தெரியுமா?"

அவன் ஆமென்று தலையாட்டினான்.

"எல்லாரும் தெரிஞ்சிகினு கீறீங்க. நான் மட்டும் சரியாயிட்டேன்னு நினைச்சிகினு பாடிகினு இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. உயரத்தான் முடியாதே என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை சத்திரத்து ஓட்டல்ல மேல வாசி. அந்தப் பாட்டு எங்க கீதோ, அங்க."

5

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: அவள் கண்ணை மூடுகிறாள், உச்ச ஸ்வரம் ஒரு குறையுமில்லாமல் வருகிறது, மலைக்கோயில் மணி ஒலிக்கிறது. கனகம்மாசத்திரத்தில் மலைக்கோயில் மணி கேட்காது. லாரி ஹாரன்தான் கேட்கும். அவள் தொண்டைக்கும் எனக்கு வேண்டியபடி வளைகிற வழக்கம் இல்லை.

நடந்தது இது. உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம். துளசிங்கம் கம்பிகளை மறுபடி முறுக்கியிருந்தான். பாட்டு மூலச்சுருதியில் தொடங்கியது. பல்லவி உயர்ந்தது. காஞ்சனாவின் வாய் திறந்திருந்தது, கழுத்துத் தழும்பு அசைந்தது, ஒலி வரவில்லை. பிரியாணிக் கரண்டிகள் நின்றன. துளசிங்கத்தின் விரல்கள் கம்பியை விட்டுவிட்டன. பிரபாவதி மட்டும் டிரம்ஸின் மிதிகட்டையை விடவில்லை. டம், டம், டம் என்று அந்தத் தாளம் யாருக்காகவோ கதவைத் திறந்து வைத்திருந்தது.

காஞ்சனா தண்ணீர் குடித்தாள். பிறகு மைக்கிலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மேல வரல, பாவா. ரெண்டு கட்டை இறக்கு."

அவன் இறக்கினான். கம்பிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு கீழே வந்தன. பிரபாவதி வேகத்தைப் பாதியாக்கினாள். காஞ்சனா பாடத் தொடங்கினாள். அவன் மாடியில் கேட்ட அதே அடர்ந்த குரல். ஆனால் இப்போது அதை யாரும் அவளுக்குத் தெரியாமல் தாங்கிப் பிடித்திருக்கவில்லை.

6

திரும்பும்போது வாடகை லோடு ஆட்டோவில் டிரம்ஸுக்கு நடுவே மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாலை வெயில் வயல்களின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. பிரபாவதி தூங்கிவிட்டாள்.

"மன்னிச்சிடு" என்றான் துளசிங்கம்.

"மாட்டேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அந்தச் சோல் பாட்டு கீதே, போகாதேன்னு கெஞ்சறது. அதை எந்தக் கட்டைல வெக்கலாம்?"

"நீ சொல்லு."

"நீ கிதாரை எடு. நான் பாடற இடத்துல வந்து சேரு."

அவள் தொடங்கும் ஸ்வரத்தை நான் எழுதினால் கதை முடிந்துவிடும், எழுதமாட்டேன். எழுதினால், மறுபடி ஒரு ஆண் அவளுக்கு இடம் குறித்துக் கொடுத்ததாகும். அவள் பாட மூச்சை இழுக்கிறாள். துளசிங்கம் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைத் தொடாமல் காத்திருக்கிறான். ஆட்டோ குலுங்குகிறது. உங்களுக்குக் கேட்டால் நீங்களும் கூடச் சேர்ந்துகொள்ளுங்கள், உங்கள் தொண்டை எட்டுகிற இடத்தில்.