ஆராய்ச்சிக்கு வாசித்த ஓலை

எங்கள் ஆரியங்கோட்டுச் சபையில் ஒரு கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்ன பையனுக்கும் இன்ன பெண்ணுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதில் யாருக்காவது தடை உண்டானால் தெரிவிக்கலாம் என்று செயலாளர் ராஜையா வாசிப்பார். உடனே ஆலயம் முழுக்க ஒரு சின்ன அமைதி. பெண்ணைப் பெற்றவர் தொண்டையைச் செருமுவார். யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள். எப்போதாவது ஒருவர் எழுந்திருப்பார். அந்த ஒருவரைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் சிரிக்காத ஆள் பாக்கி இல்லை. "ஒனக்க பிள்ளைக்கே ஓலை வாசிக்க காலம் வந்திரும், நீ இன்னும் படிச்சு முடியல்லியா மக்கா?" என்று பஸ் ஸ்டாப்பில் வைத்தே கேட்பார்கள். என் மகள் நாலாம் வகுப்பு. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

கேரள எல்லைப்புறச் சபைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி நான் கண்டுபிடித்தது இதுதான். தடை சொல்கிறவர் கல்யாணத்தை நிறுத்துவதற்காக எழுந்திருப்பதில்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய் நின்று முறையாகக் கேட்டுவிட்டால் தடை நீங்கிவிடும். அப்புறம் கல்யாணத்தன்று பந்தியில் பரிமாற வாளி தூக்குவதே அவராகத்தான் இருக்கும். என் ஆராய்ச்சியின் உயிரே இதைச் சொல்லும் நாலாம் அத்தியாயம்தான். அதற்குத்தான் ஆதாரம் இளைத்திருந்தது. சபைப் பதிவுகளில் "தடை நீங்கியது" என்று மட்டும் இருக்கும். எப்படி நீங்கியது என்று இருக்காது.

எங்கள் வீட்டிலேயே ஒரு தடை உண்டு. என் அம்மா சுகிர்தபாயின் ஓலைக்கு எழுந்து நின்றவர் அவளுடைய சொந்த அண்ணன் ரெத்தினதாஸ். தாத்தாவோடு சண்டை போட்டுப் பம்பாய்க்குப் போன மாமா, மூன்றாம் ஞாயிறு வந்து இறங்கிய கையோடு எழுந்து நின்றாராம். எப்படியோ தடை நீங்கிக் கல்யாணமும் நடந்தது. இதை நான் எழுதக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். "வீட்டு நாத்தத்த எதுக்கு புஸ்தகத்துல போடணும்?" என்றாள். நானும் விட்டுவிட்டேன். மாமாவிடம் பேட்டிகூட எடுக்கவில்லை.

ஓப்பன் டிஃபன்ஸுக்குத் தேதி குறித்தார்கள். தீசிஸைக் குழுவின் முன்னால் வைத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். குழு பரிந்துரைத்தால்தான் பட்டம். எனக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடிந்துவிட்டது. திருப்பி அனுப்பினால் இத்தனை வருட உழைப்பும் அட்டைப்பெட்டியில் கிடக்க வேண்டியதுதான். அம்மா ஜெபத்துக்குச் சொல்லி வைக்க ராஜையாவிடம் போயிருக்கிறாள். ஓப்பன் டிஃபன்ஸ் என்றால் என்ன என்று அவர் கேட்க, இவளும் விவரமாகச் சொல்லியிருக்கிறாள்: "எல்லாருக்க முன்னாடியும் வாசிப்பா. ஆருக்கெங்கிலும் எதிர்ப்பு உண்டுண்ணா எந்திச்சு சொல்லலாமாம்."

"அப்பம் இது ஓலையாக்கும்" என்றாராம் ராஜையா.

அடுத்த மூன்று ஞாயிறும் என் பெயரைச் சொல்லி வாசித்துத் தீர்த்துவிட்டார். எபினின் மனைவி ஜோஸ்னா சமர்ப்பித்திருக்கும் ஆராய்ச்சியில் யாருக்காவது தடை உண்டானால், குறிப்பிட்ட தேதியில் திருவனந்தபுரம் சென்று தெரிவிக்கலாம். முதல் ஞாயிறு எனக்குத் தலை சுற்றியது. சபைப் போதகரான ஐயரே தலையாட்டிக்கொண்டிருந்ததால் யாரும் சிரிக்கக்கூட இல்லை.

டிஃபன்ஸ் அன்று காலை ஒரு சுற்றுலா பஸ் நிறைய எங்கள் சபை ஆட்கள் வந்து இறங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் கருத்தரங்க அறையில் நாற்காலி போதவில்லை. பெண்கள் பட்டுச்சேலை. ஒன்றிரண்டு பேர் கையில் வேதபுத்தகம். என் நெறியாளர் கிருஷ்ணன்குட்டி ஸார் என் காதில், "இது டிஃபன்ஸா, பைபிள் கன்வென்ஷனா?" என்று கேட்டார். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் டாக்டர் விமலகுமாரி, நாலாம் அத்தியாயத்தில் மட்டும் வரிசையாக மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார்.

நான் பேசி முடித்ததும் அவர் நேரே அங்கேதான் வந்தார். தடை என்றால் பகை, சொத்து, பழைய வாக்குறுதி என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். எல்லாவற்றையும் வருத்தம் என்று ஒரே கூடையில் போடுவது உங்கள் ஊர்ப்பாசம், ஆராய்ச்சி அல்ல. பேட்டியில் மனிதர்கள் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்வார்கள். தடை சொல்லும்போதே அவர்கள் மனதில் சம்மதம் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? இப்படி மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார். நான் பேட்டிகளையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை. நியாயமான கேள்விதான்.

குழுத் தலைவர் வழக்கப்படி சபையைப் பார்த்து, "யாருக்காவது கேட்க ஏதேனும் உண்டா?" என்றார்.

அந்தச் சின்ன அமைதி வந்தது. ஆலயத்தில் வரும் அதே அமைதி. நடுவரிசையில் ஒரு நாற்காலி கரகரவென்று பின்னால் நகர்ந்தது.

"எனக்கு தடை உண்டு."

ரெத்தினதாஸ் மாமா. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கிருஷ்ணன்குட்டி ஸார் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாடு முழுக்க நடந்து, தடை சொன்னவன் ஒருத்தன் விடாம கேட்டு எழுதியிருக்கா. இவளுக்க அம்மைக்க ஓலைக்கு எந்திச்சவன் நானாக்கும். என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. பிறவு இது என்ன ஆராய்ச்சி?"

எனக்கு ஒரு நிமிடம் கோபம்தான் வந்தது. இந்த மனுஷனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? தலைவர், ஐயா தயவுசெய்து உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். மாமா அசையவில்லை. நின்ற தோரணையைப் பார்த்தேன். கைகளை முன்னால் கட்டியிருந்தார். கண் என் மேல் இல்லை, தரையில் இருந்தது. அத்தனை பேர் சொல்லக் கேட்டு நான் எழுதிய நிற்பு அது. எனக்குக் கோபம் அப்படியே வடிந்துவிட்டது.

மேடையை விட்டு இறங்கினேன். நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, கேக்காதது எனக்க தப்பு. பொறுக்கணும். இப்பம் கேக்கியேன். அம்மைக்க ஓலைக்கு மாமா எதுக்கு எந்திச்சிய?"

அவர் தொண்டையைச் செருமினார். "எனக்க தங்கச்சிக்க கல்யாணம். நான் ஊருல இல்லைண்ணா, ஒரு காயிதம் போடப்பிடாதா? பையன் நல்லவன்னு எனக்கு அப்பமே தெரியும். கேக்கல்லியே மக்கா, அதாக்கும்." குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு, "இப்பம் நீ வந்து கேட்டாச்சு. தடை நீங்கியாச்சு" என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, "ஸாரே, சட்டுனு முடிக்கணும். சோறு ஆறும்" என்றார்.

"என்ன சோறு?" என்று விமலகுமாரி கேட்டார்.

"பிரியாணி. பஸ்ஸுல அண்டாவோட இருக்கு. ஒங்களுக்கும் சேத்தாக்கும் வச்சது. விடியக்காலம் நானே நிண்ணு வைப்பிச்சேன்."

விமலகுமாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தடை சொல்ல வந்தவர் எதற்காக எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்தார், நீங்களே விளக்குங்கள் என்றார்.

மேடைக்குத் திரும்பக்கூட இல்லை. மாமாவின் பக்கத்திலேயே நின்று விளக்கினேன். அத்தனை வருடம் ஊர் ஊராக அலைந்து கேட்டதெல்லாம் அப்போது என் நாக்கில் வந்து நின்றது. அவர் சமைத்து வைத்துவிட்டுத்தான் தடை சொல்லக் கிளம்பினார். சம்மதம் முதலிலேயே இருந்தது. அதைக் கொடுக்க அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. ஓலை அந்த இடத்தைத் தருகிறது. பகையில் எழுந்தவர்களும் உண்டு. அவர்கள் கல்யாணப் பந்திக்கு வந்ததில்லை, அந்தக் கணக்கு என் ஐந்தாம் அத்தியாயத்தில் தனியாக இருக்கிறது. எழுந்தவர் வாளி தூக்கினாரா என்று பாருங்கள், எந்தத் தடை என்று தெரிந்துவிடும் என்றேன். விமலகுமாரி மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார்.

குழு உள்ளறைக்குப் போய்த் திரும்பியது. தலைவர் எழுந்து, ஜோஸ்னாவுக்கு முனைவர் பட்டம் வழங்கக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது என்று வாசித்தார். ஒரு பஸ் ஆட்களும் சேர்ந்து "ஆமேன்" என்றார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாகவே அழுதேன்.

வெளியே மரத்தடியில் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரியாணி வாளியைத் தூக்கினார். முதல் தட்டு விமலகுமாரிக்கு. அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, புத்தகமாகப் போடும்போது இந்த மாமாவை நாலாம் அத்தியாயத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுது மக்கா" என்றாள். "எனக்க அண்ணனுக்க பேரையும் போட்டு எழுது."