குடை போட்ட கணக்கு

தலைவன் என்பவன் வானத்தைப் பார்த்து நடக்க வேண்டும். தரையைப் பார்த்து நடப்பவன் செருப்பைத் தொலைத்தவன். புதிய கவுன்சிலர் இப்படிப் பேசித்தான் ஜெயித்தார். பழைய கவுன்சிலரம்மா தெருப்பள்ளங்களில் குடையை விட்டு ஆழம் பார்த்து, அலுவலகத்துக்கு எழுதி அடைக்க வைப்பார். அவருக்கு இவர் வைத்த பெயர் ‘குடைராணி’.

ஜெயித்த பின் வந்த முதல் மழையிலேயே அவருடைய மைத்துனன் ஸ்கூட்டரோடு தெருப்பள்ளத்தில் விழுந்து, கையில் கட்டோடு வந்தான்.

“எவ்வளவு ஆழம்டா?”

“விழுறப்போ அளந்து பாக்கத் தோணல, மாமா.”

மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “நாளைக்கு அந்த வழியாத்தான் நம்ம பொண்ணு சைக்கிள்ல போகணும். வானத்தைப் பாத்துட்டே போகச் சொல்லவா?”

கவுன்சிலர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கொட்டும் மழையில் அதை விரிக்காமல், பள்ளத்துக்குள் விட்டுக் குனிந்து பார்த்தார்.