முதுகு ஜிப்

ஜிப் முன்பக்கம் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் எக்கேடோ கெடட்டும் என்ற முடிவோடுதான் அந்தத் துறைமுக முக்குளிப்பவர் புது உடை வாங்கக் கடைக்குள் நுழைந்தார். பழைய உடையின் கழுத்து ரப்பர் ஒட்டுப்போட இடமில்லாமல் கிழிந்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அதற்கு ஜிப் முதுகில். தினமும் துறைமுக மேடையில் மச்சினனுக்கு முதுகைக் காட்டி நிற்க, அவன் இழுத்து மூடிவிட வேண்டும். அவர் இறங்கியதும் மேலே பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்து நிற்பவனும் அவன்தான். ஒரு கப்பலின் அடியில் சிக்கித் தவித்த நாளிலிருந்து, தண்ணீரில் இறங்கும் முன்பே அவருக்கு முதுகு நடுங்குகிறது. உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் அது தெரியும். அந்தப் படுபாவி போய்த் தன் அக்காவிடம் வத்தி வைத்துவிட்டான். "வேலையை விடுங்க" என்று வீட்டில் ஒரே பாட்டு. விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? அன்றோடு மாமனுக்கும் மச்சினனுக்கும் பேச்சு நின்றது.

வண்டி மச்சினனுடையது என்பதால் அவனும் வந்து, வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

கடைக்காரம்மா இரண்டு டிரைசூட்டுகளை விரித்தாள். இரண்டுமே உள்ளே தண்ணீர் விடாதவை.

"இது ரப்பர் நுரை, தடிமன். தானே கதகதப்பா இருக்கும், ஆழத்துல கொஞ்சம் நசுங்கும். ஜிப் முதுகுல. இன்னொண்ணு மெல்லிசுத் துணி. சீக்கிரம் காயும். ஜிப் முன்னாடி, நீங்களே மூடிக்கலாம். ஆனா குளிருக்கு உள்ள கம்பளி போட்டாகணும்."

"மெல்லிசையே குடுங்க."

"மேடம், அவருக்குக் குளிர் ஆகாது" என்றது ஸ்டூல். "மேல ஏறினா டீ கிளாஸைக்கூடப் பிடிக்க வராது. தடிமனை எடுத்துக்கச் சொல்லுங்க."

"போடப்போறது நான். அவர் வேலையைப் பார்க்கச் சொல்லுங்க மேடம்."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல?" என்றாள் கடைக்காரம்மா.

மெல்லிசைப் போட்டுப் பார்த்தார். தோளிலிருந்து இடுப்புக்கு ஜிப் சர்ரென்று போனது. அப்பாடா! இனி எவன் கையும் தன் முதுகில் படாது.

மச்சினன் எழுந்தான். "நல்லாத்தான் இருக்கு மேடம். நாளைலேருந்து நான் வேற ஆளுக்குக் கயிறு பிடிக்கிறேன்னு சொல்லிடுங்க."

"தாராளமா! என் நடுக்கத்தை அக்காகிட்டப் போய் ஊதினவன்தானே!"

அந்நியப் பெண் முன்னால் வாய் உளறிவிட்டது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்க நடுக்கமா?" மச்சினன் நேராக அவரையே கேட்டான். "எது மாமா உங்க நடுக்கம்? நீங்க சிக்கின அன்னிக்கு மேல கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னவன் நான். அன்னிலேருந்து உங்க ஜிப்பைத் தொட்டாலே என் கை உதறுது. மாமாவைக் கீழ அனுப்பவே பயமா இருக்குன்னு அதைத்தான் அக்காகிட்டச் சொல்லி அழுதேன்."

அடப்பாவி, இவனிடமிருந்தா முதுகை மறைக்கப் பார்த்தோம்?

முன் ஜிப்பைத் திறந்து மெல்லிசைக் கழற்றி வைத்தார். தடிமனானதற்குள் புகுந்துகொண்டு திரும்பி நின்றார்.

"மூடுடா."

ஜிப் பாதி முதுகில் நின்றது. நடுங்குவது அவன் கையா, தன் முதுகா என்று அவருக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"மெதுவாவே மூடு" என்றார். "நான் எங்கயும் போகல."