பழுதில்லாத சீல்

சிவதர்சினியின் ஸ்கூட்டருக்கு முன்னால் அதன் புகைதான் பேசாலைச் சந்திக்கு வந்து சேர்ந்தது. கராஜுக்குள்ளிருந்து டிலோஜன் தலையை நீட்டிப் பார்த்தான். ரோட்டோரம் கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசினார்கள். நாலு நாளைக்கு முன்பு, சனிக்கிழமைதான், அந்த என்ஜினை இரண்டாகப் பிரித்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் புது சீல் ஒன்றை அவன் போட்டுக் கொடுத்திருந்தான்.

கராஜ் வாசலில் சிவதர்சினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அடம்பன் பக்கத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் உத்தியோகத்தர் அவள். ஊசி மருந்துக் குளிர்க்கலனைக் காலடித் தட்டில் நிறுத்திக்கொண்டு வயல் வரம்பெல்லாம் போய்வர இதைவிட வசதியான வண்டி இல்லை என்று, ஐம்பது வருடம் பழசான அந்த இத்தாலி ஸ்கூட்டரைத் தேடி வாங்கியவள்.

“தம்பி, நேற்று இராசேஸ்வரி வீட்டு மாடு கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிட்டுது. ஊசிக்குப் பயந்தில்லை, புகைக்குப் பயந்து. அரை மணித்தியாலம் சேத்துக்குள்ளால கலைச்சனான்.”

“சீல் பிழையக்கா,” என்றான் டிலோஜன், யோசிக்காமலே. “இப்ப வாற சாமான் எல்லாம் உப்பிடித்தான்.”

அதோடு விட்டிருக்கலாம். அவள் முன்னாலேயே, மன்னார் டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அபூசாலி நானாவுக்குப் போன் எடுத்தான்.

“நானா, நீங்கள் தந்த சீல் ஒண்டுக்கும் உதவாது. என்ர பேரைக் கெடுத்துப்போட்டியள்.”

“அப்படியா தம்பி? சரி, பார்க்கிறன்,” என்று மட்டும் சொல்லி அபூசாலி வைத்துவிட்டார். சிவதர்சினி ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனாள்.

அடுத்த நாள் டிலோஜன் பின்சில்லைக் கழற்றி, கிளட்சைக் கழற்றி, என்ஜினை மறுபடி பிரித்தான். கிராங்க் சுற்றுகிற அறைக்கும் கியர் எண்ணெய் நிற்கிற அறைக்கும் நடுவில் சீல் என்கிற ஒரு றப்பர் வளையம்தான் காவல். அந்த வளையத்தின் உதடு கிராங்க் தண்டைக் கவ்விப் பிடிக்கும். மெல்லிய சுருள்கம்பியொன்று உதட்டை இறுக்கி வைத்திருக்கும். காவல் தளர்ந்தால் கியர் எண்ணெய் உள்ளே இழுபட்டு, பெற்றோலோடு சேர்ந்து எரிந்து புகையாகும்.

வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். றப்பரில் குற்றமே இல்லை. உதடு ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. சுருள்கம்பி கழன்று அடியில் கிடந்தது.

எப்படி நடந்ததென்று யாரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை நாலு மணிக்குப் பேசாலை மைதானத்தில் இறுதியாட்டம். அவன்தான் கோல் காப்பாளன். வாசலில் சிநேகிதர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றார்கள். உதட்டுக்கு எண்ணெய் பூசாமல் தண்டைக் காய்ந்தபடியே தள்ளியிருந்தான். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டதும், பேரிங் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

தேத்தண்ணியோடு வந்த மனைவி பிறின்சி அவன் முகத்தைப் பார்த்து நின்றாள். “என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?”

“சீல் நல்ல சீல், பிறின்சி. நான்தான் அவசரத்தில மடிச்சுப்போட்டன்.”

“அப்ப நானாவுக்குச் சொல்லுங்கோ.”

“அவரை அந்த ஏச்சு ஏசிப்போட்டு, இப்ப எந்த வாயால சொல்லுறது?”

“ஏசின வாயாலதான்.”

அவன் போன் எடுத்தான். மணி அடித்து அடித்து நின்றது. பின்னேரமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை காலையில் போன் ஓஃப்.

வேறு வழியில்லாமல் வேலையைப் பார்த்தான். அபூசாலியிடம் வாங்கியதில் இன்னொரு சீல் மிச்சமிருந்தது. தண்டின் கூரான விளிம்பில் ஒட்டுநாடா சுற்றி, உதட்டுக்கு எண்ணெய் பூசி, குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி மெல்ல மெல்ல ஏற்றினான். இந்தமுறை எந்தச் சத்தமும் வரவில்லை. என்ஜினைப் பூட்டி உதைத்தான். சைலன்சரில் தங்கிய பழைய எண்ணெய் எரிந்து தீர பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடமும் பிறின்சி வாசலில் நின்று அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு புகை மெலிந்து, நீலமாகி, இல்லாமலே போனது.

சனிக்கிழமை காலை சிவதர்சினி வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“நல்ல வேலை பார்த்தீங்கள் தம்பி. இப்பத்தான் டவுனில பஸ் மாறேக்க, பிளக் ஒண்டு வாங்க அந்த நானாட கடைக்குப் போனனான். சீல் பெட்டி முழுக்கக் கட்டுறார், கொழும்புக்குத் திருப்பி அனுப்ப. ஒருத்தரும் போடாதேங்கோ எண்டு எல்லாக் கராஜுக்கும் சொல்லிப்போட்டாராம்.”

டிலோஜன் தலையில் கைவைத்தான்.

“தலையைப் பிறகு பிடிக்கலாம். ஏறுங்கோ!”

அவள் ஓட்ட, அவன் பின்னால் இருந்து சைலன்சரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். தாராபுரத்தில் ரோட்டை மறித்து நின்ற கழுதைகள் அசையவில்லை. புதன்கிழமை இதே ஸ்கூட்டரின் புகைக்கு அவை பற்றைக்குள் பாய்ந்திருந்தன. சிவதர்சினி ஹோர்ன் அடித்தாள், கெஞ்சினாள், கடைசியில் இறங்கித் தள்ளினாள். அவன் சந்தோசத்தில் சிரித்தான், அவசரத்தில் அழாத குறை.

அபூசாலி கடை வாசலில் பெட்டிக்குக் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நாலைந்து பேர் நின்றார்கள். டிலோஜன் அவர்களையும் பாராமல், “நானா, சீல் சரி. பிழை என்னில. எண்ணெய் பூசாமல் தள்ளி உதட்டை மடிச்சுப்போட்டன். பிரிச்சுப் பார்க்காமலே உங்களை ஏசினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்று ஒரே மூச்சில் சொன்னான்.

அபூசாலி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். “மூணு ராவா எனக்குத் தூக்கமில்ல தம்பி. பார்த்துப் பார்த்துச் சாமான் எடுக்கிறவன் நான். கண்ணு மங்கிட்டுதோண்டு பயந்துட்டன். இன்னொரு ஏச்சுக் கேக்கப் பயந்துதான் உங்க போனையும் எடுக்கல்ல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படி என்ன அவசரம்?”

“மட்ச் ஒண்டு.”

கடையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அபூசாலியின் தாடியும் லேசாக ஆடியது. “ஆறு கராஜுக்கு நான் போன் பண்ணிச் சொன்னன். அந்த ஆறு பேருக்கும் இப்ப நீங்க சொல்லுங்க. ஸ்பீக்கரில போட்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி.”

முதல் இரண்டு பேரிடமும் டிலோஜனுக்கு வாய் குழறியது. மூன்றாவது ஆள் அடம்பன் கோகுலன். “டேய், கோல்காப்பு கையுறையோடயோ என்ஜின் பூட்டினனீ?” என்று அவன் கேட்டதும் கடையே அதிர்ந்தது. சிவதர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறாவது ஆளுக்குச் சொல்லும்போது டிலோஜனே அந்த ‘டிக்’ சத்தத்தை வாயால் போட்டுக் காட்டினான். அபூசாலி கத்தியை எடுத்துப் பெட்டியின் கயிற்றை அறுத்தார்.

இராசேஸ்வரியிடமிருந்து அழைப்பு வந்ததும் சிவதர்சினி புறப்பட்டாள். “மாடு நிக்குதாம், ஓடமுதல் போகோணும்,” என்றவள் பாலத்துப் பக்கம் திரும்பினாள். பின்னால் ஒரு துளி புகை இல்லை.

டிலோஜன் இன்னும் இரண்டு சீல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். மிதிபலகையில் கால் வைக்கவில்லை, அதற்குள் கடைக் கதை காதில் விழுந்திருந்த சாரதி எட்டிப் பார்த்து, “என்ன டிலோஜன், எண்ணெய் பூசினீரோ?” என்று கத்தினார். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தபடி அவன் ஏறி உட்கார்ந்தான்.