மடியில் கிடந்த கைகள்

கணவன் வேலைக்காகத் தனியாகத் தங்கியிருந்த நகரம் அது. விடுமுறை நாட்களில் சைக்கிள் மிதித்து ஊருக்கு வெளியே போய், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தில் பறந்துவிட்டு வருவான். "அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்பான். அதற்குள் அவன் இதயம் நின்றுவிட்டது.

இப்போது அவள் நாத்தனாரோடு வந்திருந்தாள். அவன் அங்கே எங்காவது இருந்தால் அவனோடேயே போய்விட வேண்டும் என்ற நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் மோப்பம் பிடித்துத்தான் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

வாடகை சைக்கிளில் ஏறியதும் ஹேண்டில் ஆடியது.

"அண்ணி, ரோடு பூரா உங்களுக்கே எழுதிக் குடுத்துட்டாங்களா? ஓரமா வாங்க!"

"வாயை மூடிட்டு மிதிடி. ஸ்கூலோட விட்டது."

பாலத்து மேட்டில் மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளலாம் என்று நினைத்தபோது சைக்கிள் லேசாகிவிட்டது. யாரோ சீட்டைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"விடுடி, விழுந்துடப் போறேன்" என்றாள்.

நாத்தனார் மேட்டின் உச்சியில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் விமானி அவளைக் கிளைடரின் முன்னிருக்கையில் உட்காரவைத்து பெல்ட்டை இறுக்கினார். அவர் பின்னால். கிளைடரைத் திருப்ப ஆளுக்கொரு ஸ்டிக், ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும்.

கிளைடரை மேலே இழுத்துப்போன கயிறு உயரத்தில் கழன்றது. காற்றின் சீறல் மட்டும் மிஞ்சியது.

"ஸ்டிக்கைப் பிடிங்க. உங்ககிட்ட குடுத்துட்டேன்."

அவள் தலையாட்டினாளே தவிர, கைகள் மடியைவிட்டு எழவில்லை. கிளைடர் இடப்பக்கம் சாய்ந்து அழகாக வட்டம் போட்டது. அவர்தான் ஓட்டுகிறார் என்று வேடிக்கை பார்த்தாள்.

"முதல் தடவைன்னு சொன்னது பொய்தானேம்மா? நல்லா பழகின கை."

"நான் தொடவே இல்லையே. நீங்கதானே ஓட்டுறீங்க?"



"விளையாடாதீங்கம்மா. என் கை சும்மாதான் இருக்கு."

வட்டம் பாதியில் முறிந்தது. கிளைடரின் மூக்கு மைதானத்தை விட்டு மலைப்பக்கம் திரும்பியது. விமானி ஸ்டிக்கைப் பற்றி இழுத்தார்.

"கையை எடுங்கம்மா! இறங்கிட்டே இருக்கோம், அப்புறம் திரும்ப முடியாது!"

அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அவள் முழங்கால்களுக்கு நடுவே ஸ்டிக் இறுகி நின்றது, யாரோ பிடித்திருப்பதுபோல.

அவளுக்குப் பயமே வரவில்லை. இப்படியே போகட்டும் என்றிருந்தது. இதற்குத்தானே வந்தாள். பாறைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. பின்னால் விமானி தன் மகளைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பத் திரும்ப, சின்னக் குரலில்.

"போதும்ங்க" என்றாள், வீட்டில் பேசுகிற குரலில். "நான் வரத் தயார். இவர் என்ன பண்ணினார்? விட்டுடுங்க."

ஸ்டிக் நடுங்கியது. பிறகு தளர்ந்தது. விமானி ஒரே வெட்டாக மூக்கைத் திருப்பினார்.

மைதானத்துப் புல்லில் உரசி நின்றதும் அவர் இறங்கி, எதுவும் கேட்காமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நாத்தனார் ஓடி வந்தாள்.

"என்ன அண்ணி, முகமே சரியில்ல?"

அவள் பெல்ட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"உங்க அண்ணன் போயிட்டாருடி" என்றாள். சாவு வீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.